புத்தகம் படித்துப் படம் பிடிக்கலாமா? மணிமுத்தாறில் ஒரு கம்போசிஷன் பாடம்

மெகா பிக்ஸல் எத்தனை, ஜூம் எத்தனை மடங்கு, மெமரி எத்தனை ஜிபி என்று நாலு கடை ஏறி விசாரித்து கேமராவோ மொபைல் போனோ வாங்குகிறோம். லீவுக்கு ஊருக்குப் போய் ஒரே நாளில் 400 படங்கள் எடுக்கிறோம். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டாம் முறை பார்க்கத் தோன்றும் படம் ஒன்றுகூடத் தேறவில்லை. குறை பிக்ஸலில் இல்லை. எங்கே நின்றோம், எதைப் படத்துக்குள் வைத்தோம், எதை வெளியே விட்டோம் என்பதில் இருக்கிறது. இதைத்தான் கம்போசிஷன் என்கிறார்கள். பட அமைப்பு என்று தமிழில் சொல்லலாம்.

இதைச் சொல்லிக் கொடுக்கும் புத்தகங்கள் ஏராளம். ஆனால் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றில் இருக்கும் படங்களோ பனி மலை, ஐரோப்பியத் தெரு, அமெரிக்கப் பாலைவனம் என்று இருக்கும். அந்தப் பாடங்கள் நம் ஊருக்குப் பொருந்துமா? பொருந்துமா என்று பார்க்க ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள மணிமுத்தாறு இதற்கு ரொம்ப வசதி. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1950-களில் கட்டி முடிக்கப்பட்ட அணை, அதற்கு மேலே மாஞ்சோலை போகும் வழியில் அருவி, மேற்கே மலைத்தொடர், கீழே தாமிரபரணிப் பாசன வயல்கள், பக்கத்திலேயே கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நீங்கள் வேறு ஊராக இருந்தால் உங்கள் ஊர் ஏரியையும் கோயிலையும் வைத்து இதே பாடங்களைச் செய்து பார்க்கலாம்.

எந்தப் புத்தகம்?

கடையில் போய் போட்டோகிராபி புத்தகம் என்று கேட்டால் கேமரா பட்டன்களை விளக்கும் புத்தகத்தைக் கொடுத்து விடுவார்கள். அது வேறு. பட அமைப்புக்கென்றே எழுதப்பட்ட சில புத்தகங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, மைக்கேல் ஃப்ரீமேன் எழுதி 2007-இல் வெளிவந்த 'தி போட்டோகிராபர்ஸ் ஐ'. ஆசிய நாடுகளில் நிறைய படம் எடுத்தவர் என்பதால் நம் கண்ணுக்குப் பழகிய காட்சிகளும் இதில் உண்டு. இதன் பெரிய பலம், ஒரே காட்சியை அவர் எப்படிப் படிப்படியாக நெருங்கினார் என்று வரிசையாகக் காட்டுவது. நல்ல படத்தை மட்டும் காட்டிவிட்டு நகரும் புத்தகங்களில் இது கிடைக்காது.

இதே தலைப்பில் இன்னொரு புத்தகமும் இருக்கிறது. குழம்பி விடாதீர்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் போட்டோ பிரிவுக்குத் தலைவராக இருந்த ஜான் சர்கோவ்ஸ்கி 1966-இல் வெளியிட்டது அது. அதில் விதிகளே கிடையாது. பொருள், நுணுக்கம், பிரேம், நேரம், நிற்கும் இடம் என்று ஐந்து தலைப்புகளும் ஏராளமான படங்களும் மட்டும் இருக்கும். படிக்கக் கொஞ்சம், பார்க்க நிறைய. ஆங்கிலம் தகராறு செய்பவர்களுக்கு இதுவே முதல் புத்தகமாக இருந்தாலும் தப்பில்லை.

மூன்றாவது, பிரையன் பீட்டர்சனின் 'லேர்னிங் டு சீ கிரியேட்டிவ்லி'. முதல் பதிப்பு 1988. ஒரே பொருளைப் பல கோணங்களில், பல லென்ஸ்களில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். ஆரம்பிப்பவர்களுக்கு எளிது. வண்ணங்கள் சற்றே கத்தும். எனக்கு அது ஒரு குறைதான், ஆனால் பாடத்துக்குக் குந்தகம் இல்லை.

மூன்றையும் வாங்க வேண்டும் என்பதில்லை. சென்னையில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய நூலகங்களில் தேடிப் பாருங்கள். டியூயி முறையில் அடுக்கும் நூலகங்களில் போட்டோகிராபி 770 என்ற எண்ணில் தொடங்கும் அலமாரியில் இருக்கும். ஒரு லென்ஸ் வாங்கும் பணத்தில் இந்தப் புத்தகங்கள் அனைத்தையும் வாங்கிவிட்டு மீதிக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கலாம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

எப்படிப் படிப்பது?

நாவல் மாதிரி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தால் ஒன்றும் நிற்காது. முதலில் விளக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் ஒரு நிமிடம் பாருங்கள். கண் முதலில் எங்கே போனது? அங்கிருந்து எங்கே நகர்ந்தது? படத்தின் நான்கு ஓரங்களிலும் என்ன இருக்கிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரு நோட்டில் தமிழிலேயே பதில் எழுதுங்கள். பிறகு கையை எடுத்து ஆசிரியர் சொல்வதைப் படியுங்கள். நீங்கள் எழுதியதும் அவர் எழுதியதும் ஒத்துப் போகாத இடத்தில்தான் பாடம் இருக்கிறது. சில சமயம் ஆசிரியர் சொல்வது தவறாகக்கூட இருக்கலாம். அதற்கு ஒரு உதாரணம் பிறகு வரும்.

ஒரு வாரத்துக்கு ஒரு கருத்து போதும். அந்த வாரம் முழுக்க அந்த ஒன்றை மட்டும் வைத்துப் படம் எடுங்கள். கம்ப்யூட்டரில் 'பாடம்-01', 'பாடம்-02' என்று போல்டர் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே பொருளை 20 விதமாக எடுத்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரே வரியில் எழுதி அந்த போல்டரிலேயே ஒரு டெக்ஸ்ட் பைலாகச் சேமியுங்கள். 'நன்றாக இருக்கிறது' என்பது பதில் ஆகாது. 'மரம் வலது ஓரத்தில் நிற்பதால் அணைச் சுவர் அதை நோக்கி ஓடுவது போல் தெரிகிறது' என்பது பதில்.

மூன்றில் ஒரு பங்கு விதி

எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் வருவது இதுதான். படத்தை நெடுக்காக மூன்று, குறுக்காக மூன்று பாகங்களாகப் பிரித்து, கோடுகள் சந்திக்கும் நான்கு புள்ளிகளில் ஒன்றில் முக்கியமான பொருளை வையுங்கள் என்பது விதி. இது கேமரா பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் 1797-இல் கிராமக் காட்சிகளை வரைவது பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த விதியைப் பெயரோடு சொல்லியிருக்கிறார்.

பொன் விகிதம் என்று இன்னொன்றையும் சில புத்தகங்கள் பெரிதாகச் சொல்லும். இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6000 பிக்ஸல் அகலமுள்ள படத்தில் மூன்றில் ஒரு பங்குக் கோடுகள் 2000, 4000 என்ற இடங்களில் விழும். பொன் விகிதக் கோடுகள் 2292, 3708 என்ற இடங்களில் விழும். அதாவது மையத்தை நோக்கி 292 பிக்ஸல் தள்ளி. வீட்டு ஆல்பத்தில் அரை அங்குலம்கூட வராத இந்த வித்தியாசத்துக்காகச் சண்டை போடுபவர்கள் உண்டு. நீங்கள் சேர வேண்டாம்.

சரி, மணிமுத்தாறு அணைக்கு வருவோம். கிலோமீட்டர் கணக்கில் நீளும் தாழ்வான சுவர். எதிரே நின்று எடுத்தால் படத்தில் ஒரு மெல்லிய கோடாகத்தான் வரும். அதை மேல் கோட்டில் வைத்தாலும் கீழ்க் கோட்டில் வைத்தாலும் பெரிய மாற்றம் இருக்காது. நீளத்தைக் காட்ட வேண்டுமானால், பொதுமக்களை அனுமதிக்கும் இடத்தில், சுவரின் ஒரு முனைக்கு அருகில் நின்று, சுவர் படத்தின் கீழ் மூலையிலிருந்து கிளம்பி மலையை நோக்கிச் சுருங்கிக்கொண்டே போவது போல் எடுங்கள். இதற்கு மூன்றில் ஒரு பங்கைவிட மூலைவிட்டக் கோடுதான் உதவும்.

நீர்த்தேக்கத்தைப் பார்த்துத் திரும்புங்கள். தண்ணீர் அசையாமல் இருந்தால் மலையின் பிரதிபலிப்பு அப்படியே தலைகீழாக விழும். இங்கே தண்ணீர் விளிம்பை நட்டநடுவில் வையுங்கள். மேலும் கீழும் ஒன்றுபோல் இருப்பதே அந்தப் படத்தின் விஷயம். விதியைக் கடைப்பிடித்தால் படம் கெடும். ஆனால் ஆடிக் காற்று வீசும் காலத்தில் போய்விட்டுப் பிரதிபலிப்பைத் தேடாதீர்கள். ஆனி முதல் ஆவணி வரை இந்தப் பக்கம் காற்று சும்மா இருக்காது. அப்போது தண்ணீர் வெறும் சாம்பல் நிறப் பரப்பாக இருக்கும். அதற்கு அத்தனை இடம் கொடுக்கத் தேவையில்லை. விளிம்பைக் கீழே இறக்கி மேகத்துக்கு இடம் கொடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். புத்தகங்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் 3:2 என்ற விகிதத்தில் இருக்கும். 35 எம்எம் பிலிம் காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. மொபைல் போன்கள் சாதாரணமாக 4:3 விகிதத்தில் எடுக்கின்றன. 4000க்கு 3000 பிக்ஸல் உள்ள படத்தை 3:2 ஆக வெட்டினால் உயரம் 2667 ஆகக் குறையும். ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். புத்தகத்தில் பார்த்த அமைப்பு உங்கள் போனில் ஏன் சப்பென்று இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். படம் எடுக்கும்போதே மேலும் கீழும் கொஞ்சம் விட்டு எடுங்கள், அல்லது கேமரா செட்டிங்ஸில் 3:2 இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். கிரிட் கோடுகளைக் காட்டும் வசதியும் அங்கேயே இருக்கும். அதை ஆன் செய்து வைத்தால் அணைத் தண்ணீர் ஒரு பக்கம் வழிந்து ஓடுவது போன்ற சாய்ந்த படங்களாவது குறையும்.

புத்தகத்து வெளிச்சம் வேறு, நம் வெளிச்சம் வேறு

இங்கேதான் வெளிநாட்டுப் புத்தகங்கள் நம்மை நன்றாக ஏமாற்றுகின்றன. சூரிய உதயத்தை ஒட்டிய ஒரு மணி நேரமும், அஸ்தமனத்தை ஒட்டிய ஒரு மணி நேரமும் பொன்னான நேரம் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது வெளிச்சம் மஞ்சளாகவும் மென்மையாகவும் இருக்கும், நிழல்கள் நீளும் என்பது உண்மை. ஆனால் அது ஒரு மணி நேரம் நீடிக்குமா?

மணிமுத்தாறு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8.6 டிகிரியில் இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயரம் ஏற சுமார் 24 நிமிடம்தான் ஆகும். இலண்டனில் அதே 6 டிகிரிக்கு ஏறக்குறைய 39 நிமிடம் ஆகும், அங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறுகிறது. ஆக, புத்தகம் சொல்லும் பொன்னான ஒரு மணி நேரம் நமக்கு அரை மணிக்கும் குறைவு. காலை ஒன்பதரை மணிக்கெல்லாம் சூரியன் 45 டிகிரிக்கு வந்து நின்றுவிடும். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்து உங்கள் நிழலே காலடியில் மறைந்து போகும். அந்த நேரத்தில் யாரையாவது நிற்க வைத்து எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கருப்புக் குழிதான் இருக்கும்.

மாலைப் பொழுதில் இன்னொரு சிக்கல். மணிமுத்தாறுக்கு மேற்கே மலை. பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் அஸ்தமன நேரம் இங்கே செல்லாது. சூரியன் அதற்கு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். எவ்வளவு முன்பு என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து மலை ஒரு முஷ்டி உயரம் தெரிந்தால், அஸ்தமனத்துக்கு 40 நிமிடம் முன்பே வெயில் போய்விடும். அதாவது புத்தகம் சொன்ன மாலைப் பொன் வெளிச்சம் முழுவதையும் மலை விழுங்கிவிடும். அதன் பிறகு மலையின் கருத்த உருவமும் பிரகாசமான வானமும்தான் மிச்சம். அதையே படமாக எடுக்கத் தீர்மானித்தால், மொபைலில் வானத்தின் மேல் விரலை வைத்து, வெளிச்ச அளவைக் கீழே இறக்கி எடுங்கள். இல்லாவிட்டால் போன் தானாகவே இருட்டை வெளிச்சமாக்கி, மலையை அழுக்குப் பச்சையாகக் காட்டும்.

எனவே மணிமுத்தாறில் மலையை எடுக்க காலைதான் நேரம். கிழக்கிலிருந்து வரும் வெயில் நேராக மலை முகத்தில் விழும். நிறம் அருமையாக இருக்கும். ஆனால் நேர் வெளிச்சம் என்பதால் மடிப்புகள் தெரியாமல் மலை தட்டையாகத் தெரியும். மார்கழியில் போனால் இது மாறும். அப்போது சூரியன் கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கிறது. வெயில் சற்றுப் பக்கவாட்டில் விழுவதால் மடிப்புகளில் நிழல் சேரும். ஆனியில் அதே அளவு வடக்கே தள்ளி உதிக்கும், நிழல் எதிர்ப்பக்கம் விழும். ஒரே இடத்தில் நின்று மார்கழியில் ஒன்று, ஆனியில் ஒன்று எடுத்து மானிட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிச்சத்தைப் பற்றி ஒரு அத்தியாயம் படித்ததற்குச் சமம்.

புத்தகத்தில் இல்லாத ஒரு நேரமும் நமக்கு உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மலை உச்சியில் கருமேகம் தொங்கிக்கொண்டிருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் மழை பெய்யும். இந்தப் பக்கம் வயலில் வெயில் அடிக்கும். முன்னால் வெயில் பட்ட பச்சை, பின்னால் கருநீல மலை. பாலைவனத்தில் உட்கார்ந்து புத்தகம் எழுதியவருக்கு இது கிடைக்காது. கார் சாகுபடிக்கு நாற்று நடும் சமயமும் அதுவே. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் அந்த வானமே விழுந்து கிடக்கும்.

ஒட்டிக்கொள்ளும் பின்னணி

தலைக்கு மேல் கரண்ட் கம்பம் முளைத்த கல்யாண போட்டோக்களை எல்லோரும் பார்த்திருப்போம். நம் இரண்டு கண்களும் தூரத்தைப் பிரித்துக் காட்டுவதால் நேரில் பார்க்கும்போது கம்பம் பின்னால் இருப்பது தெரிகிறது. கேமராவுக்கு ஒற்றைக் கண். அது இரண்டையும் ஒட்டிவிடும். இந்த ஒரு பாடத்தைக் கற்றாலே பாதிப் படங்கள் பிழைத்துக்கொள்ளும்.

அம்பாசமுத்திரம் பக்கம் வயல் வரப்பில் நிற்கும் பனை மரத்தை எடுத்துப் பழகுங்கள். பின்னால் மலை. நின்ற வாக்கில் எடுத்தால் பனையின் தலை மலை விளிம்பை இடித்துக்கொண்டு நிற்கும். இரண்டும் ஒட்டிப் போய் பனையின் உருவமே கலைந்துவிடும். இரண்டடி உட்காருங்கள். பனையின் தலை மலையைத் தாண்டி வானத்துக்குப் போய் ஓலை ஓலையாகப் பிரிந்து தெரியும். கேமராவில் எந்த செட்டிங்கும் மாற்றவில்லை, முட்டியை மடக்கினோம், அவ்வளவுதான். இரண்டு பனைகள் இருந்தால் இடப்பக்கமோ வலப்பக்கமோ நாலு எட்டு நடந்து, ஒன்றோடு ஒன்று தொடாதபடி இடைவெளி விடுங்கள். அடிமரத்தை வெட்டிவிடாமல் மண்ணில் ஊன்றி நிற்கும் இடம் வரை சேர்த்து எடுங்கள்.

வயலில் வேலை செய்பவர்களை எடுக்கும்போதும் இதே கதைதான். குனிந்து நடும் பெண்களின் உருவங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழாமல் பிரியும் வரை காத்திருக்க வேண்டும். முதலில் 'அண்ணாச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?' என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கேமராவைக் கீழே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருங்கள். அவர்கள் உங்களை மறந்து வேலையில் இறங்கிய பிறகு கிடைக்கும் வரிசை, நிற்க வைத்து எடுத்தால் கிடைக்காது.

ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் உருவங்கள் பற்றிய அத்தியாயத்துக்கு கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைவிட நல்ல பாடம் எது? காயப் போட்ட அப்பளங்களை மேலே இருந்து படம் முழுக்க நிரப்பி எடுங்கள். பிறகு ஒரு கை நுழையும்போது எடுங்கள். இரண்டாவது படத்தில் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். பத்தமடைப் பாயின் நெசவை எடுக்க வேண்டுமானால் ஜன்னல் ஓரத்தில் விரித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். பிளாஷ் போட்டால் பாய் வழவழப்பான காகிதமாகிவிடும்.

அருவியும் அளவும்

மணிமுத்தாறு அருவி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1988-இல் அமைந்த இது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். வெள்ளம் வந்தால் வனத்துறை அருவியை மூடிவிடும், எனவே கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அருவிப் படங்களில் முதல் பிரச்சினை அளவு. தண்ணீரும் பாறையும் மட்டும் இருந்தால் அது 10 அடியா 100 அடியா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. தெரிந்த அளவுள்ள ஒரு பொருளைச் சேருங்கள் என்று புத்தகங்கள் சொல்லும். உடனே குளிக்கிற கூட்டத்தை எடுக்காதீர்கள். குளிக்கிறவர்கள் உங்கள் அளவுகோல் கிடையாது. குறிப்பாகப் பெண்கள் குளிக்கும் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. ஓரத்து மரம், இரும்புக் கைப்பிடி, பாறையில் காயும் துண்டு என்று எதுவும் அந்த வேலையைச் செய்யும்.

ஷட்டர் வேகமும் கம்போசிஷன்தான் என்று சில புத்தகங்கள்தான் தெளிவாகச் சொல்கின்றன. 1/500 விநாடியில் தண்ணீர் துளித் துளியாகச் சிதறி நிற்கும். அரை விநாடியில் வெள்ளைத் துணி போல் வழுவழுப்பாகிவிடும். முதல் படத்தில் கண் துளிகளுக்கு இடையே அலையும். இரண்டாவதில் வெள்ளைப் பரப்பு முழுவதும் ஒரே உருவமாகி, பாறை மேலே வந்து நிற்கும். எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் எங்கே நிற்பது என்று பார்க்க வேண்டும்.

அருவியைத் தாண்டி மேலே போனால் மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டு குத்தகைக்கு எடுக்கப்பட்ட தேயிலைத் தோட்டம் அது. குத்தகை 2028-இல் முடிகிறது. 2024-இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்கப்பட்டு, தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் வெளியேறும் நிலை வந்தது. மாஞ்சோலைப் படம் என்று தேடினால் பனிமூட்டமும் பச்சைச் சரிவும் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். விதிகளின்படி எல்லாமே நன்றாக அமைந்த படங்கள். ஆனால் அங்கே பிறந்து வளர்ந்த ஒருவர் தன் பிள்ளைக்குக் காட்ட அவற்றில் என்ன இருக்கிறது? லயன் வீட்டு வாசல், பக்கத்து வீட்டுத் திண்ணை, வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழி, சாமி கும்பிட்ட இடம் இவையெல்லாம் பிரேமுக்கு வெளியே போய்விட்டன. பிரேம் என்பது எதை அழகாகக் காட்டுவது என்ற கேள்வியோடு, எதை வெட்டி எறிகிறோம் என்ற கேள்வியும்தான் என்று சர்கோவ்ஸ்கி புத்தகத்தைப் பார்க்கும்போது புரியும். உங்கள் குடும்பத்துக்கும் இப்படிக் கைவிட்டுப் போகிற வீடோ கடையோ இருந்தால், முகங்களை மட்டும் எடுக்காமல் இரண்டடி பின்னால் வந்து கதவு, சுவர், தெரு தெரிய எடுங்கள். நெருங்கிப் போய் எடு என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும் பாடத்துக்கு இது நேர் எதிர். இந்த விஷயத்தில் புத்தகத்தைக் கேட்க வேண்டாம்.

கண் போகும் வழி

படத்தில் உள்ள கோடுகள் பார்ப்பவரின் கண்ணைக் கையைப் பிடித்து அழைத்துப் போகும் என்று ஏறக்குறைய எல்லாப் புத்தகங்களும் எழுதுகின்றன. ஆல்ஃப்ரட் யார்பஸ் என்ற ரஷ்ய விஞ்ஞானி படங்களைப் பார்ப்பவர்களின் கண் அசைவுகளைப் பதிவு செய்தார். அவரது புத்தகம் 1967-இல் ஆங்கிலத்தில் வந்தது. கண் கோட்டின் மேல் ரயில் மாதிரி ஓடுவதில்லை. தவளை போலத் தாவுகிறது. மனித முகம், கண் இருக்கும் இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போகிறது. ஒரே ஓவியத்தைப் பார்ப்பவரிடம் வேறு வேறு கேள்வி கேட்டால் கண் போகும் இடங்களும் மாறிவிடுகின்றன. ஆகவே அணைச் சுவர் மலையை நோக்கிப் போவது ஆழத்தைக் காட்ட உதவும். ஆனால் ஓரத்தில் ஒரு சிறுவன் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் சுவரை யாரும் பார்க்கப் போவதில்லை.

இடமிருந்து வலமாகப் படம் பார்க்கிறோம் என்பதும் அரை உண்மை. பிரெஞ்சு வாசகர்களையும் ஹீப்ரு வாசகர்களையும் ஒப்பிட்டு 2000-இல் வெளியான ஆய்வில், இரு தரப்பினரும் தாங்கள் எழுத்து வாசிக்கும் திசையில் நகரும் படங்களையே அதிகம் விரும்பினார்கள். தமிழும் இடமிருந்து வலம் என்பதால் ஆங்கிலப் புத்தகத்தின் இந்தப் பாடம் நமக்குப் பொருந்தி வருகிறது.

கம்ப்யூட்டரில் சரிபார்ப்பது

கூகுள் நிறுவனத்தின் பிகாசாவைப் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது 2016-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் சாப்ட்வேரே நம் வேலைக்குப் போதும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். எப்போதும் ஒரிஜினல் பைலின் காப்பியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

படத்தைத் திறந்து ஷிப்ட் கீயுடன் சி அழுத்துங்கள். கிராப் டூல் வரும். டூல் ஆப்ஷன்ஸ் பகுதியில் கைட்ஸ் தொடர்பான பட்டியல் ஒன்று இருக்கும். அதில் ரூல் ஆஃப் தேர்ட்ஸ், கோல்டன் செக்‌ஷன்ஸ், டயகனல் லைன்ஸ் என்று இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, படத்தின் மேல் கட்டம் இழுத்துப் பாருங்கள். பிக்ஸட் என்ற இடத்தில் டிக் செய்து ஆஸ்பெக்ட் ரேஷியோவை 3:2 எனக் கொடுத்தால் புத்தகப் படத்தின் அதே வடிவில் வெட்டலாம். என்டர் தட்டினால் வெட்டப்படும். முடித்ததும் பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள்.

அமைப்பைச் சோதிக்க மூன்று வழிகள். கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட் கொடுத்து நிறத்தை எடுத்துவிடுங்கள். நிறம் போனதும் படம் செத்துவிட்டால், அது பச்சை நிறத்தால் பிழைத்திருந்த படம். அடுத்து பில்டர்ஸ் மெனுவில் பிளர், காஸியன் பிளர் போய் 60 அளவு கொடுங்கள். விவரங்கள் கரைந்து பெரிய இருள், ஒளிப் பரப்புகள் மட்டும் நிற்கும். அப்போதும் எது முக்கியம் என்று தெரிந்தால் அமைப்பு உறுதி. மூன்றாவதாக இமேஜ் மெனுவில் டிரான்ஸ்பார்ம் போய் ஃப்ளிப் ஹாரிசான்டலி கொடுத்து, கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பிப் பாருங்கள். பழகிப் போன படத்தின் குறைகள் அப்போது பளிச்சென்று தெரியும். இந்தச் சோதனைகளை கண்ட்ரோல் இசட் அழுத்தி நீக்கிவிடலாம்.

நிறத்தை நீக்கிப் பார்க்கும் பாடத்துக்கு நம் மண்ணிலேயே ஒரு ஆசான் உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1950 முதல் 1996-இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர். 1960-இல் பத்மஸ்ரீ பெற்றவர். காட்டு விலங்குகளைக் கருப்பு வெள்ளையிலேயே எடுத்தார். பல பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கேமராவுக்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயர் வைத்திருந்தார். நன்றாகப் படமும் வரைவார். அவரது படங்களும் எழுத்தும் 'ஐ இன் தி ஜங்கிள்' என்ற பெயரில் 2006-இல் புத்தகமாக வந்தன. விதி சொல்லும் புத்தகம் ஒன்றையும், அதன் பக்கத்தில் இதையும் வைத்துக்கொண்டு, யானைப் படங்களில் காட்டுக்கு எவ்வளவு இடம், யானைக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார் என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

நீங்கள் எந்த ஜூமில் அதிகம் எடுக்கிறீர்கள் என்பதையும் தெரிந்துகொள்ளலாம். இர்ஃபான்வியூவில் படத்தைத் திறந்து ஐ என்ற எழுத்தைத் தட்டினால் தகவல் விண்டோ வரும். அதில் எக்ஸிஃப் விவரங்களைத் திறந்தால் போகல் லெங்க்த் இருக்கும். 20 படங்களிலும் ஒரே எண் வந்தால், கால்கள் ஒரே இடத்தில் நின்றிருக்கின்றன என்று பெரும்பாலும் அர்த்தம். டி தட்டினால் வரும் தம்ப்நெயில் விண்டோவில் அந்த வாரத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து, பைல் மெனுவில் கான்டாக்ட் ஷீட் உருவாக்கும் வசதியைக் கொண்டு ஒரே தாளில் 20 படங்களையும் பிரின்ட் எடுங்கள். அடுத்த முறை மணிமுத்தாறு பஸ் ஏறும்போது அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். எடுத்த இடத்திலேயே நின்று பார்த்து, எந்தப் படத்துக்கு எந்தப் பக்கம் நாலு எட்டு நகர்ந்திருக்க வேண்டும் என்று பேனாவால் அம்புக்குறி போட்டுவிட்டு 21-வது படத்தை எடுங்கள்.